சென்னை சுற்றுலா பற்றி உள்ளதை எழுதினேன், வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது: அழித்துவிடட்டுமா?

தென்காசி மாவட்டத்திலிருந்து 61 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பள்ளி விடுமுறையில் 84 வயதுத் தாயார், மகள், பேரன், பேத்தி ஆகியோரை அழைத்துக்கொண்டு நான்கு நாள் சென்னையைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார். தாயாரால் நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். வியாழக்கிழமை மெரினா. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலின் மேல் போட்டிருக்கும் மரப்பாதையில் தாயாரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய், கடலைக் கிட்டத்தில் காட்டியிருக்கிறார். “அம்மா கைகூப்பியபடியே இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான்” என்று எழுதியிருக்கிறார். அதை அப்படியே இணையத்தில் பதிந்து ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. பூட்டிய வாசலில் நின்றபடி, கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டார். பிள்ளைகளின் முகம் வாடியதால், நகரின் எல்லையில் இருக்கும் ஒரு தனியார் பொழுதுபோக்கு மையத்துக்கு வண்டி பிடித்தார்கள். தொல்லை அங்கே தொடங்கியது. இணையதளத்தில் ‘சக்கர நாற்காலியில் வருவோருக்கு எல்லா வசதியும் உண்டு’ என்று போட்டிருந்தது. வாசலிலோ நான்கு படிகள் இருந்தன, சாய்தளம் இல்லை. ஐந்து டிக்கெட்டுக்கு 4,250 ரூபாய் கொடுத்து உள்ளே போனால், 11 விளையாட்டுகளில் ஐந்து மூடிக் கிடந்தன. பணத்தைத் திருப்பிக் கேட்டார். டிக்கெட்டின் பின்னால் அச்சடித்திருந்த ஒரு வரியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை பேரனுக்கு வயிற்றுப்போக்கு. ஞாயிறு இரவு பொதிகை ரயிலில் ஊர் திரும்பும்போது, தூக்கம் வராமல், அந்த மையத்தைப் பற்றி ஏழு வாக்கியங்கள் எழுதிப் பதிந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து மையத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஐந்து நட்சத்திரமாக மாற்றினால் 5,000 ரூபாய் அனுப்புவதாகச் சொன்னார். இவர் மறுத்தார். அடுத்த வாரமே வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதிவை நீக்க வேண்டும், இரண்டு நாளிதழ்களில் மன்னிப்புக் கேட்க வேண்டும், 25 லட்ச ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும், தவறினால் 15 நாட்களில் சிவில், கிரிமினல் வழக்குகள் தொடரப்படும். அதில் ஆறு நாட்கள் ஓடிவிட்டன. “போலீஸ் வீட்டுக்கு வருமா? எழுதிய எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா? நான் எழுதியது அத்தனையும் உண்மைதானே, உண்மைக்கு ஏன் பயப்பட வேண்டும் என்கிறாள் மகள். பத்துப் பேரை விட்டு அந்த மையத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போடச் சொல்லலாம் என்கிறார் மாப்பிள்ளை. எனக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை” என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, முதலில் சாப்பிடுங்கள். நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் நகலையும் பதிவின் படத்தையும் இரண்டு முறை படித்துவிட்டேன். உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. இரண்டு வாக்கியங்களை மட்டும் சரிசெய்ய வேண்டும்.

நோட்டீஸ் வேறு, வழக்கு வேறு

வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு தரப்பு வழக்கறிஞர் எழுதும் கடிதம். அதில் எந்த நீதிபதியின் உத்தரவும் கிடையாது. 25 லட்சம் என்பது அவர்கள் கேட்கும் தொகை, உங்கள் தலையில் விழுந்துவிட்ட கடன் அல்ல. அந்தத் தொகைக்கு வழக்குப் போட வேண்டுமென்றால் அதற்கேற்ற நீதிமன்றக் கட்டணத்தை அவர்கள் கட்ட வேண்டும், தங்கள் பெயருக்கு நேர்ந்த பாதிப்பையும் நிரூபிக்க வேண்டும். வழக்கே வராது என்று நான் சொல்லமாட்டேன். வந்தாலும் அது நாளைக் காலை வீட்டுக் கதவைத் தட்டும் விஷயம் அல்ல.

போலீஸ் பயத்தையும் விடுங்கள். அவதூறு இன்றைக்கும் நம் நாட்டில் குற்றம்தான். 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் (கடின உழைப்பு இல்லாத சிறை), அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்பது தண்டனை. ஆனால், வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் அல்ல இது. ஜாமீனும் உரிமையாகக் கிடைக்கும். பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர்தான் குற்றவியல் நடுவரிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவின்படி, அந்தப் புகாரை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் முன் உங்கள் தரப்பைச் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். ‘இணையத்தில் எழுதினாலே உள்ளே தள்ளிவிடுவார்கள்’ என்று உங்கள் தெருவில் சொன்னார்களாமே, அதற்குக் காரணம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பழைய 66ஏ பிரிவு. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

உண்மை என்றால் போதுமா?

மகள் சொல்வதில் முக்கால் பங்கு சரி. சிவில் வழக்கில், எழுதியது உண்மை என்று நிரூபித்தால் அதுவே முழுப் பாதுகாப்பு. கிரிமினல் சட்டத்திலோ உண்மையாக இருப்பதோடு, அதை வெளியிட்டது பொதுநலனுக்காகவும் இருக்க வேண்டும். உங்களுக்கு அது பெரிய தடை அல்ல. நடக்க முடியாத பெற்றோரை அழைத்துக்கொண்டு அந்த மையத்துக்குக் கிளம்பும் அடுத்த குடும்பத்துக்கு, வாசலில் நான்கு படிகள் இருக்கின்றன என்று தெரிய வேண்டாமா? நல்லெண்ணத்தோடு பிறரை எச்சரிப்பதற்கும், தன் நலனையும் பிறர் நலனையும் காக்கப் பேசுவதற்கும் அதே 356ஆம் பிரிவில் தனித்தனி விதிவிலக்குகள் உண்டு. ஆனால் சட்டத்தில் ‘நல்லெண்ணம்’ என்றால் மனத்தில் கெட்ட எண்ணம் இல்லை என்று சொன்னால் போதாது. உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்திருக்க வேண்டும். பார்த்து, விசாரித்து, எழுதினீர்களா என்பதுதான் கேள்வி.

இந்த அளவுகோலோடு உங்கள் ஏழு வாக்கியங்களுக்கு வருவோம்.

இணையதளத்தில் ஒன்று, வாசலில் ஒன்று என்கிறீர்கள். படிகளின் படம் உங்களிடம் இருக்கிறது. காவலாளிகள் இருவர் அம்மாவை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள் என்கிறீர்கள். மகள் சாட்சி. ஐந்து விளையாட்டுகள் மூடியிருந்தன, டிக்கெட் கொடுக்கும்போது சொல்லவில்லை என்கிறீர்கள். மூன்றின் முன் தொங்கிய பலகையைப் பேத்தி படம் எடுத்திருக்கிறாள். மற்ற இரண்டையும் நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள் என்பது டிக்கெட்டில் அவர்களே அச்சடித்த வரியால் தெரிகிறது. இந்த நான்கு வாக்கியங்களிலும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

ஐந்தாவது வாக்கியம், ‘கொடுத்த காசுக்கு இது தகாது, பகல் கொள்ளை.’ முதல் பாதி உங்கள் கருத்து. காசு கொடுத்துப் பார்த்தவருக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. ‘பகல் கொள்ளை’ என்பதைத் தக்காளி விலையைப் பார்த்துக்கூட நாம் சொல்கிறோம். அதைப் படித்த யாரும் கத்தியைக் காட்டிப் பணம் பறித்தார்கள் என்று நினைக்கப்போவதில்லை. அதை நிலைநிறுத்தி வாதாட முடியும். ஆனாலும், திருத்தும்போது அதை எடுத்துவிட்டு, டிக்கெட் விலையையும் மூடியிருந்த விளையாட்டுகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். படிப்பவருக்கு அது இன்னும் உறைக்கும்.

ஆறாவது, ‘இதை நடத்துபவர்கள் ஏமாற்றுப் பேர்வழிகள்.’ இங்கே நீங்கள் பார்த்ததை விட்டுவிட்டு, பார்க்காத ஒன்றுக்குத் தாண்டிவிட்டீர்கள். ஏமாற்ற வேண்டும் என்ற நோக்கம் அவர்களுக்கு இருந்ததா, நிர்வாகக் கோளாறா, இணையதளத்தைப் புதுப்பிக்காத சோம்பேறித்தனமா? உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏழாவது இன்னும் ஆபத்தானது. ‘சாப்பாட்டில் கலப்படம் செய்கிறார்கள், அதைத் தின்றுதான் பேரனுக்கு வயிற்றுப்போக்கு.’ உங்கள் கடிதத்திலேயே அன்றைய கணக்கு இருக்கிறது. காலையில் விடுதியில் பொங்கல், மதியம் அந்த மையத்தில் சாப்பாடு, இரவு மயிலாப்பூரில் தள்ளுவண்டிப் பணியாரம். மதியம் அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட பேத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவரிடமும் காட்டவில்லை. எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? கலப்படம் என்பது குற்றம். அதைச் செய்தார்கள் என்று ஆதாரமில்லாமல் எழுதியதைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நோட்டீஸில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். மற்ற ஐந்தையும் அவர் ஏறக்குறையத் தொடவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

குழந்தை துவண்டு கிடந்ததைப் பார்த்த பாட்டியின் கோபம் அது. எனக்குப் புரிகிறது. நீதிமன்றத்தில் அந்தக் கோபம் உங்களுக்குத் துணை நிற்காது. சாப்பாட்டின் மேல் உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுப்பதுதான் வழி.

அழிக்க வேண்டாம், திருத்துங்கள்

பயத்தில் மொத்தத்தையும் அழிப்பதை நான் ஏற்கவில்லை. அழித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பது தவறான நம்பிக்கை. அவர்களிடம் படம் இருக்கிறது. சிவில் வழக்குப் போட, வெளியான நாளிலிருந்து ஓராண்டு அவகாசமும் இருக்கிறது. அவர்கள் கேட்கும் வாசகத்தில் மன்னிப்பு எழுதிக் கொடுத்தால், எழுதியது அத்தனையும் பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்ட தாளாக அதை நீட்டுவார்கள்.

இப்படிச் செய்யுங்கள். இப்போது இருக்கும் பதிவை, தேதியும் முகவரியும் தெரியும்படி முழுதாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய இணையதளத்தில் சக்கர நாற்காலி பற்றிய பக்கத்தையும் இன்றே எடுத்துவிடுங்கள். அது எந்த நிமிடமும் மறையலாம். டிக்கெட், பணம் செலுத்திய குறுஞ்செய்தி, 5,000 ரூபாய் தருவதாக வந்த அழைப்பின் தேதியும் நேரமும் பத்திரம். படங்கள் இருக்கும் கைபேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது.

பிறகு ஆறாம், ஏழாம் வாக்கியங்களை நீக்குங்கள். பதிவின் கீழே, ‘இன்ன தேதியில் இரண்டு வாக்கியங்களை நீக்கியிருக்கிறேன். அவை நான் நேரில் கண்டவை அல்ல’ என்று எழுதுங்கள். ஒளித்து மாற்றுவதைவிட, சொல்லிவிட்டு மாற்றுவதுதான் உங்கள் நல்லெண்ணத்துக்குச் சான்று. பதில் நோட்டீஸிலும் அதையே சொல்லலாம். ‘என் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்ற சொற்களோடு அந்த இரண்டையும் நீக்கியதைத் தெரிவித்து, மற்ற ஐந்திலும் உறுதியாக நிற்பதாக எழுத வேண்டும். பதிலே போடாமல் இருப்பது குற்றமில்லை. ஆனாலும் உங்கள் விஷயத்தில் பதில் போடுவதே நல்லது. ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள் என்று அஞ்சல் துறையில் வாழ்நாளைக் கழித்தவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் பதிவு போட்ட இணையதளத்தை அந்த மையத்தார் மிரட்டி, உங்கள் பதிவை நீக்க வைத்துவிடுவார்களோ என்றும் கேட்டிருந்தீர்கள். இப்படிப்பட்ட தளங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் நீக்கும் கடமை எழும் என்று அதே 2015 தீர்ப்பு சொல்கிறது. தன் சொந்த விதிகளின்படி தளம் நீக்கிக்கொள்வது வேறு விஷயம். அதற்கும் முதல் இலக்கு அந்த ஏழாவது வாக்கியமாகத்தான் இருக்கும்.

பத்துப் பேர் யோசனையும் 5,000 ரூபாயும்

மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அந்த வாசலை மிதிக்காத பத்துப் பேர் அங்கே போனதாக எழுதினால் அது பொய். இன்றைக்கு உங்கள் கையிலிருக்கும் ஒரே பெரிய பலம், போய்ப் பார்த்தவர் எழுதியது என்பதுதான். அதை நீங்களே உடைத்துவிடாதீர்கள்.

பணத்தை மறுத்தது மிகச் சரி. இணையத்தில் நுகர்வோர் எழுதும் கருத்துகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டது. காசு கொடுத்து வாங்கிய கருத்துகளுக்கு அதில் இடமில்லை. அதைக் கடைப்பிடிப்பது கட்டாயமாக்கப்படாவிட்டாலும், எது முறை, எது முறையல்ல என்பதற்கு அது ஒரு அளவுகோல். அந்த மையத்தைப் பற்றி ஒரே வாரத்தில் ஒரே வாசகத்தோடு பல ஐந்து நட்சத்திரப் பதிவுகள் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தளத்தில் ‘புகார் செய்’ என்ற வசதி இருக்கும், அதில் தெரிவியுங்கள். ‘இவர்கள் காசு கொடுத்து எழுத வைத்தார்கள்’ என்று பதிவில் எழுதிவிடாதீர்கள். அது எட்டாவது வாக்கியமாகிவிடும்.

மீண்டும் சமரசம் பேச வந்தால் பேசலாம். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்து, வாசலில் சாய்தளம் போடுவதாக எழுத்தில் உறுதி தந்தால், அதையும் உங்கள் பதிவில் சேர்த்து எழுதுங்கள். ‘இனி எதுவும் எழுதமாட்டேன்’ என்ற தாளில் மட்டும் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

புகார் கொடுக்க வேண்டியவர் நீங்கள்

கடிதம் முழுவதும் குற்றவாளியைப் போலவே பேசியிருக்கிறீர்கள். உண்மையில் சேவைக் குறைபாட்டுக்கு ஆளானவர் நீங்கள்தான். இல்லாத வசதியை இருப்பதாக விளம்பரம் செய்வது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குள்ளும் முறையற்ற வணிக நடைமுறைக்குள்ளும் வரும். ‘பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று அச்சடித்துவிட்டதால் மட்டும் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது. புகாருக்காகச் சென்னைக்கு அலையவும் வேண்டாம். இந்தச் சட்டத்தின் கீழ், நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு உரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்து பார்க்கலாம். சில நேரம் அங்கேயே பணம் திரும்பிவிடும்.

படிகள் விஷயத்துக்கு இன்னொரு சட்டமும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் பொழுதுபோக்கக் கூடும் தனியார் கட்டடங்களையும் பொதுக் கட்டடம் என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவற்றில் எல்லோரும் அணுகும் வசதி வேண்டும். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் இதை எழுதலாம். உங்கள் தாயாரை இரண்டு அந்நியர்கள் மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கியபோது அவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் என்னால் மேலே படிக்க முடியவில்லை. புகாரில் அதையும் எழுதுங்கள்.

மற்ற பதிவுகள்

இன்னொரு சுற்றுலா இடத்தில் வண்டி நிறுத்தக் கூடுதல் பணம் வாங்கினார்கள் என்று எழுதி, ரசீதையும் போட்டிருக்கிறீர்கள். ரசீது இருக்கட்டும். அதோடு போட்ட ஊழியரின் முகப்படத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் புகார் வசூல் முறையைப் பற்றியது. அந்த இளைஞரின் முகம் அதற்குத் தேவையில்லை.

மெரினா பதிவைத் தொடவே வேண்டாம். 2022 நவம்பரில் திறந்த அந்த மரப்பாதை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது. பிறகு சரிசெய்தார்கள். அது இப்போது எப்படி இருக்கிறது, நாற்காலி எதுவரை போகும் என்பதை, நடக்க முடியாத தாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர் சொன்னால்தான் உண்டு. நானும் வயதான என் மாமியாரோடு எங்காவது கிளம்பும் முன் உங்களைப் போன்றவர்கள் எழுதுவதைத்தான் தேடிப் படிக்கிறேன்.

எழும்பூருக்குப் போட்ட ஒற்றை நட்சத்திரத்தால் சட்டச் சிக்கல் எதுவும் வராது. ஆனால் அது நியாயமில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது அவர்கள் ஒளித்து வைத்த செய்தி அல்ல. சனிக்கிழமை மறுபடி போய், செப்புத் திருமேனிக் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்ததையும், அம்மா திருவாலங்காட்டு நடராசர் முன் நாற்காலியை நிறுத்தச் சொல்லித் தேவாரம் பாடியதையும், காவலர் ஒருவர் உங்களுக்கு முக்காலி கொண்டுவந்து போட்டதையும் எனக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தளத்தில் இருப்பதோ பூட்டிய வாசல் மட்டும். எனக்கு எழுதியதை அங்கேயும் எழுதுங்கள்.

உங்களுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. உங்களுக்கு அருகிலுள்ள நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். நோட்டீஸ், அது வந்த உறை, டிக்கெட், படங்கள், இந்தப் பதிலின் நகல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, திங்கட்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், அவர்தான் உங்கள் முதல் சாட்சி.